தானாகப் பின்னால் போகும் வண்டி

ஓமட் பண்ணை, வடக்கு டகோட்டா
பிப்ரவரி 18, 1979

அன்புள்ள தம்பி ஐனாருக்கு,

அக்கா ஜோர்டிஸ் எழுதுவது. நீயும் ஃபெர்னும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபெர்னின் ரத்தக் கொதிப்பு இறங்கியதா? உப்பைக் குறைக்கச் சொன்னால் சிரிப்பாள், தெரியும், இருந்தாலும் சொல்லி வை. இங்கே குளிர் இன்னும் விடவில்லை. வைக்கோல் தீர்ந்துகொண்டே வருகிறது, மாடுகள் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

நீயும் செல்மரும் போன செப்டம்பரில் ஒரே கம்பெனியின் ஒரே பெரிய பிக்கப் வண்டியை ஆளுக்கொரு ஊரில் வாங்கிக்கொண்டு, போனில் பெருமையடித்தீர்களே, அந்தப் பெருமை இங்கே கொஞ்சம் கரைந்துவிட்டது. ஹீட்டரைப் போட்டால் என் வலது கால் வேகிறது, இடது கால் விறைக்கிறது. பின்பக்கக் கதவு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தானாகத் திறந்துகொண்டு வைக்கோலை உதிர்த்துக்கொண்டே வருகிறது. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் அடிக்கிறது. சர்ச்சுக்குள் திரும்பும்போது பாதிரியார் ஒவ்வொரு வாரமும் கையசைக்கிறார். டீலரிடம் சொன்னால், அங்கே மெக்கானிக்காக இருக்கிற கிளெம், "பண்ணையில ஓட்டுனா அப்படித்தான் இருக்கும்" என்கிறான். பண்ணையில் ஓட்டாமல் வேறு எங்கே ஓட்டுவதற்கு இதை விற்றானோ.

போன வாரம் தெற்கு மேய்ச்சல் நிலத்தின் கேட்டருகே வண்டி தானாகப் பின்னால் வந்து கேட்டையே நாசமாக்கிவிட்டது. என் காலிலும் லேசாக இடித்தது, பெரிதாக ஒன்றுமில்லை. செல்மர் இருக்கிறார். பேச்சுத்தான் குறைந்திருக்கிறது.

உன் வண்டி இப்படி ஏதாவது செய்கிறதா? எழுது. பென்சிலில் எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

உன் அக்கா,
ஜோர்டிஸ்


யாக்கிமா, வாஷிங்டன்
மார்ச் 11, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். ஆப்பிள் மரங்களுக்குக் கிளை கழித்து முடித்துவிட்டேன், முதுகுதான் இன்னும் நிமிரவில்லை. ஃபெர்ன் உப்பை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறாள். ஊறுகாய் ஜாடி மட்டும் காலியாகிக்கொண்டே போகிறது.

ஹாரன் கதையைப் படித்துவிட்டு ஃபெர்ன் கண்ணீர் வரச் சிரித்தாள். என் வண்டியில் ஹீட்டர் மட்டும்தான் தகராறு. மற்றபடி இரும்புக் கோட்டை. பின்னால் வந்தது என்று எழுதியிருந்தாய். அக்கா, வண்டி தானாக எங்கேயும் போகாது. நிறுத்துவதற்கான பார்க் கியரும் ரிவர்ஸ் கியரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும், மச்சான் ரிவர்ஸில் விட்டுவிட்டு இறங்கியிருப்பார். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அவரை ரொம்பத் திட்டாதே.

ஏன் பென்சிலில் எழுதினாய் என்று ஃபெர்ன் கேட்கிறாள்.

அன்புடன்,
ஐனார்


யாக்கிமா
மார்ச் 29, 1979

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது வாய் வரவில்லை. உனக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் மச்சான் எடுத்தார். "நல்லாருக்கா. தூங்குறா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பட்டப்பகலில் நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை. உன் பக்கத்துப் பண்ணை பால்மாவுக்குப் போன் அடித்தேன். அவள்தான் சொன்னாள், இடுப்பெலும்பு உடைந்து பிஸ்மார்க்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று. மல்லாந்து படுத்தபடி எழுதினால் பேனா எழுதாது, அதனால் பென்சில். "லேசாக இடித்தது" என்று என் சொந்த அக்கா எழுதுகிறாள்.

என்ன நடந்தது என்று முழுதாக எழுது. உடனே கிளம்பி வரலாம் என்றால் இங்கே மொட்டு விடும் நேரம், பனி விழுந்தால் தோட்டம் போய்விடும். வா என்று ஒரு வார்த்தை எழுதினால் அதையும் பார்க்காமல் வருகிறேன்.

ஐனார்


பிஸ்மார்க்
ஏப்ரல் 10, 1979

அன்புள்ள தம்பிக்கு,

கோபப்படாதே. நீ வர வேண்டாம், மரங்களைப் பார். இப்போது என்னைச் சாய்த்து உட்கார வைக்கிறார்கள், அதனால் பேனா. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி எழுத மாட்டேன், நான் லூத்தரன் சபையில் வளர்ந்தவள், குறை சொல்லக் கூடாது. ஃபெர்னுக்கு என் அன்பைச் சொல்.

கேட்டாயே, எழுதுகிறேன். அன்று காற்று பயங்கரமாக அடித்தது. வைக்கோல் போட்டுவிட்டுத் திரும்பினோம். செல்மர் வண்டியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்தார், நான் இறங்கிக் கேட்டை மூடப் போனேன். நம் ஊர்க் கம்பிக் கேட் உனக்குத் தெரியும், குளிரில் கம்பி சுருங்கி வளையம் கம்பத்துக்கு எட்டாது. கத்திக் கூப்பிட்டேன். உதவிக்கு வர அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். இன்ஜினை யாரும் அந்தக் குளிரில் அணைப்பதில்லை. கதவைச் சாத்திவிட்டு அவர் ஓரடி வைத்திருப்பார், உள்ளே ஆளே இல்லாத வண்டி பின்னால் வந்து என்னைக் கம்பத்தோடு சேர்த்து அழுத்தியது. அவர் ஓடி ஏறி முன்னால் எடுத்தார். அதே வண்டியின் சீட்டில்தான் என்னைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். வழியெல்லாம் ஒரே பேச்சு.

"நான்தான் ரிவர்ஸ்ல விட்டுட்டேன், ஜோர்டிஸ்."

"இல்ல. பார்க்லதான் போட்டீங்க. கியர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கம்பெனிக்கு எழுதினேன். மெருகு போட்ட ஷூவோடு ஒரு ஆள் வந்து முற்றத்தைச் சுற்றி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கூடவே அடுத்த வருட மாடலின் வண்ணப்படப் புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போனான். பால்மா சொன்னாள், செல்மர் அவனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம், தலையை மட்டும் ஆட்டினாராம்.

உன் வண்டியைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னொரு முறை யோசித்து எழுது.

ஜோர்டிஸ்


யாக்கிமா
மே 2, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நீ உட்காரத் தொடங்கியது கேட்டு நிம்மதி. இங்கே பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. ஃபெர்ன் உனக்காக ஒரு போர்வை தைக்கிறாள், அதில் எந்த நிறம் வேண்டும் என்று கேட்கச் சொன்னாள், பிறகு அவளே பச்சை என்று முடிவு செய்துவிட்டாள்.

அக்கா, நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். மச்சானுக்கு அறுபத்தெட்டு ஆகிறது. போன கிறிஸ்துமஸுக்கு போனில் என்னிடம் ஒரே கன்றுக்குட்டிக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நீ சத்தம் கேட்டேன் என்கிறாய், அவரே இல்லை என்கிறார். அவரை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. கண், காது, ஞாபகம் எல்லாவற்றையும் பார்க்கட்டும். வண்டி ஓட்டுவதை விடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. நம் அப்பாவும் விட்டார்.

என் வண்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. பெட்ரோல் கிடைக்கிற லட்சணத்தில், இப்போதெல்லாம் எங்கே நின்றாலும் இன்ஜினை அணைத்துவிடுகிறேன். ஃபெர்ன் கேட்டைத் திறக்க இறங்கினாலும் அணைத்துவிடுகிறேன்.

உன் தம்பி,
ஐனார்


ஓமட் பண்ணை
ஜூன் 24, 1979

ஐனாருக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நான்கு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். போர்வை வந்தது, நன்றி என்று ஃபெர்னிடம் சொல். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கால் அல்ல.

உன் மே மாதக் கடிதத்தை நான் கட்டிலருகே மேசைமேல் வைத்திருந்தேன். செல்மர் என்னைப் பார்க்க வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம். அவர் படித்துவிட்டார். கோபப்படவில்லை. "உன் தம்பி தப்பா ஒண்ணும் எழுதல" என்று மடித்து உறையில் போட்டார். மறுநாள் ஏலக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். செப்டம்பர் கடைசியில் மாடு, டிராக்டர், நிலம் எல்லாம் ஏலம்.

அவர் இப்போது வண்டியைத் தொடுவதில்லை. தபால் பெட்டி வரை நடந்தே போகிறார். கூலியாட்கள் தங்குகிற கொட்டகையில் படுக்கிறார். என் கால் தூக்கத்தில் இடிபடக் கூடாதாம். அங்கே பகலெல்லாம் அவர் குறுக்கும் நெடுக்கும் நடப்பது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிகிறது. நின்றால் வேலியைப் பார்க்கிறார், உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறார். எனக்கும் உட்கார முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. இந்த வீட்டில் இரண்டு பேரும் கூண்டுக்குள் விட்டதுபோல் இருக்கிறோம்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்கவா இன்ஜினை அணைக்கிறாய், ஐனார்? சிறு வயதில் உன் பொய்யையெல்லாம் அம்மாவிடமிருந்து மறைத்தவள் நான்.

விவசாயிகள் வாரப் பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்புக் கொடுத்திருக்கிறேன். "இந்த வண்டி வைத்திருப்பவர்கள், அது தானாகப் பின்னால் போயிருந்தால் எனக்கு எழுதவும்" என்று. உனக்கும் சேர்த்துத்தான்.

ஜோர்டிஸ்


யாக்கிமா
ஜூலை 15, 1979

அன்புள்ள ஜோர்டிஸ் அண்ணிக்கு,

ஃபெர்ன் எழுதுகிறேன். உங்கள் கால் எப்படி இருக்கிறது? ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மழைக்காலம் முழுக்க வலிக்கும். உங்கள் தம்பி உங்களுக்கு எழுதுவதற்கென்று உட்கார்ந்து உட்கார்ந்து காகிதத்தைக் கசக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அடுப்புக்கு ஆகிறது, வேறு பயன் இல்லை. அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரலில் நான் தோட்டத்தில் ஏணிமேல் நின்று கிளை கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க இறங்கினேன். குடத்தை வாயில் வைத்திருப்பேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டி பின்னால் வந்து ஏணியைப் படுக்கப் போட்டு அதன்மேல் ஏறி நின்றது. இவர் அந்தப் பக்கம் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"சாய்வு," என்றார். "சாய்வுல உருண்டிருக்கு."

"எந்தச் சாய்வு? தரை மேசை மாதிரி இருக்கு," என்றேன்.

"லேசான சாய்வு, உன் கண்ணுக்குத் தெரியாது."

அண்ணி, அப்படிச் சாய்வு இருந்தாலும் வண்டி மேட்டுப் பக்கமாகத்தான் வந்தது. அன்று முதல் நான் இறங்கினால் இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இவர் உட்கார்கிறார். இரும்புக் கோட்டை என்று ஊரெல்லாம் சொன்ன வாய், அதனால் திருப்பிக்கொள்ள முடியவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை. வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு எதையோ கழற்றிக்கொண்டிருக்கிறார்.

ஏலத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை செல்மர் அண்ணனே படிக்கும்படி மேசைமேல் வையுங்கள்.

அன்புடன்,
ஃபெர்ன்


ஓமட் பண்ணை
ஆகஸ்ட் 20, 1979

அன்புள்ள ஃபெர்னுக்கும், வாயில்லாத என் தம்பிக்கும்,

கால் தேவலை. இப்போது ஊன்றுகோல்தான். ஃபெர்ன், நீ ஏணியிலிருந்து இறங்கிய அந்த நிமிஷத்தை நினைத்து நான் என்னென்ன பிரார்த்தனை செய்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். செல்மர் படித்தார். "ஐனார் நல்ல மனுஷன், என்னைத் தேத்தறதுக்காகப் பெண்டாட்டிய எழுத வெச்சிருக்கான்" என்றார். அந்த மனிதரை என்ன செய்வது.

பத்திரிகை அறிவிப்புக்குப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. தபால்காரர் என்னைக் காதல் கடிதம் வாங்குகிறவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். மொன்டானாவிலிருந்து ஒருவர், வண்டி தன் மனைவியின் ரோஜாச் செடிகளைத் தின்றுவிட்டது, அவள் இன்னும் தன்னோடு பேசவில்லை என்று எழுதியிருக்கிறார். மினசோட்டாவில் ஒருவருக்கு வண்டி ஏரிக்குள் போய்விட்டது. "நான் குடித்திருந்ததாக ஊர் சொல்கிறது. நான் பாதிரியார்" என்று எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டே படித்தவள் ஒரு கடிதத்தில் நின்றுவிட்டேன். தெற்கு டகோட்டாவில் ஒட்டிலியா ஷாட்ஸ் என்ற அம்மா. சில வருடங்களுக்கு முன், இதே வண்டியின் பழைய மாடலுக்குப் பின்னால் நின்ற அவர் கணவர் செத்துப்போனார். நிறுத்திவிட்டு இறங்கியது இளைய மகன் ரூபன். ஷெரிஃப் கவனக்குறைவு என்று எழுதினார், மூத்த மகன் வீட்டுக்கு வராதே என்றான். "கிறிஸ்துமஸுக்கு வருகிறான். தபால் பெட்டி வரை வந்து திரும்பிப் போய்விடுகிறான். நான் ஜன்னலில் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

எழுதிய எல்லோரிடமும் ஒரே விஷயம்தான். தப்பு உன்னுடையது என்று யாரோ சொன்னார்கள், அவர்களும் நம்பிவிட்டார்கள்.

நான் என்ன செய்கிறேன் தெரியுமா? பால்மாவை விட்டு வண்டியைப் பழைய கோழிக்கூண்டுக்கு முதுகு காட்டி நிறுத்தச் சொன்னேன். கோழிகளை இடம் மாற்றியாகிவிட்டது. பார்க்கில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், தினமும். வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. நானும் அதை முறைத்துக்கொண்டிருக்கிறேன். கிளெம் வந்து பார்த்துவிட்டு, "என்ன ஜோர்டிஸ், முட்டையிடுமான்னு பாக்குறீங்களா?" என்றான். செல்மர் அந்தப் பக்கமே வருவதில்லை. இதுவரை ஒரு அங்குலம் நகரவில்லை. ஏலத்துக்கான தாள்களை ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்கள்.

ஜோர்டிஸ்


ஓமட் பண்ணை
செப்டம்பர் 9, 1979

அன்புள்ள ஐனார், ஃபெர்ன்,

உடம்பை விசாரித்து எழுதப் பொறுமையில்லை, இருவரும் நன்றாக இருங்கள்.

போய்விட்டது. நேற்று மத்தியானம். வெயில், காற்றே இல்லை. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். செல்மர் குழாயடியில் வாளி பிடித்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம், யாரோ நாக்கைத் தட்டியதுபோல். அவ்வளவுதான். வண்டி பின்னால் போய்க் கோழிக்கூண்டுக்குள் புகுந்தது. பலகைகள் முறிந்தும் நிற்காமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, பழைய இறகெல்லாம் மேலே பறந்தது.

செல்மர் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். முதலில் செய்த காரியம், ஜன்னலில் எட்டிப் பார்த்தது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று. பிறகு கையை விட்டு இன்ஜினை அணைத்தார். கியர் கம்பி ரிவர்ஸில் நின்றது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பீன்ஸெல்லாம் சிதற எழுந்து போனேன்.

"இப்படி ஆகும்னு காட்டிட்ட," என்றார். "அன்னைக்கும் இதான் ஆச்சுன்னு எப்படிச் சொல்வ?"

"அதான் சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேனே."

"ஜோர்டிஸ், அந்தக் காத்துல நீ கத்துனதே எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. உனக்குக் கியர் விழுற சத்தமா கேட்டுச்சு?"

ஐனார், எனக்கு அன்று ஒன்றும் கேட்கவில்லை. கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சும் ஏன் இத்தன மாசம் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ அப்படிச் சொல்றது நல்லா இருந்துச்சு," என்றார்.

பிறகு போய் வாளியை எடுத்து மறுபடி தண்ணீர் பிடித்தார். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் கொட்டகையிலிருந்து தலையணையையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். இன்று காலை ஏலக்காரருக்கு போன் போட்டு, "மாடு மேய்க்க இன்னும் ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் என்ன கேட்டாரோ, "ஆமா, நான்தான்" என்றார்.

காபி குடிக்கும்போது, "அந்த ஒட்டிலியா அம்மாவோட கடுதாசி எங்க வெச்ச?" என்று கேட்டார். கொடுத்தேன். படித்து முடித்தவர், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டார், வேலிக்கும் வாசலுக்குமாக. இது வேறு நடை.

ஜோர்டிஸ்


யாக்கிமா
செப்டம்பர் 25, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஃபெர்ன் சத்தமாக வாசித்தாள், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மச்சானிடம் நான் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். ஆப்பிள் பறித்து முடிந்ததும் இருவரும் ரயிலில் வருகிறோம், நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் விருந்துக்கு அங்கே இருப்போம். அதற்குமுன் ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்புகிறேன்.

என் வண்டியின் கியரைக் கழற்றிப் பார்த்தேன். பார்க்கில் போட்டால் உள்ளே ஒரு கட்டை குழிக்குள் விழ வேண்டும். பல நேரம் விழாமல் குழியின் விளிம்பில் நிற்கிறது. வெளியே பார்த்தால் கம்பி சரியான இடத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். இன்ஜின் அதிர அதிரக் கட்டை நழுவி ரிவர்ஸ் பக்கம் விழுகிறது. மெருகு போட்ட ஷூக்காரன் நாள் முழுக்க ஓட்டினாலும் இது தெரியாது.

இதைப் படம் போட்டு, ஏணிக் கதையையும் சேர்த்து, தலைநகரில் வாகனப் பாதுகாப்பைப் பார்க்கிற அலுவலகத்துக்கு என் கையெழுத்தில் அனுப்பிவிட்டேன். உனக்கு வந்த கடிதங்களையும் நீ அனுப்பு. பாதிரியாருடையதை முதலில் வை.

உன் தம்பி,
ஐனார்


ஓமட் பண்ணை
நவம்பர் 4, 1979

ஐனாருக்கு,

செல்மர் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கல்யாணத்துக்கு முன் ஜோர்டிஸுக்கு எழுதிய இரண்டும் மாட்டைப் பற்றித்தான். நீயும் ஃபெர்னும் நலமாக இருப்பீர்கள். ஆப்பிள் வந்தது. நல்ல ஆப்பிள். நீ மே மாதம் எழுதியதைப் பற்றி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். உன் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் எழுதியிருப்பேன்.

தலைநகரிலிருந்து பதில் வந்திருக்கிறது. விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்களாம். கம்பெனி இன்னும் வாயைத் திறக்கவில்லை. கிளெம் ஒரு நாள் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல், ஹாரனைச் சரி செய்துவிட்டுப் போனான்.

நான் எழுதுவது அந்தப் பையன் ரூபனைப் பற்றி. பையன் என்று சொல்லக் கூடாது, முப்பது தாண்டியவன். பால்மாவின் காரை வாங்கிக்கொண்டு தெற்கு டகோட்டா போனேன். தானியக் கிடங்கில் வேலை செய்கிறான், அங்கேயே ஒரு அறையில் இருக்கிறான். நான் யாரென்று சொன்னதும், "அம்மா அனுப்புனாங்களா?" என்றான். இல்லை என்றேன். "அப்போ கம்பெனியா?" என்றான். அதுவும் இல்லை என்றேன். என் மனைவியின் இடுப்பு உடைந்ததைச் சொன்னேன். கோழிக்கூண்டைச் சொன்னேன். தானியத் தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டான். "உங்க வண்டி கெட்ட வண்டியா இருக்கலாம், பெரியவரே. என்னோடது நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். வந்து பார் என்றேன். ஏன் வந்தான் என்று தெரியவில்லை. சனிக்கிழமை விடுமுறை என்பதால் இருக்கலாம்.

முற்றத்தில் மூன்று நாற்காலி போட்டோம். ஜோர்டிஸ் உன் ஆப்பிளில் கேக் செய்திருந்தாள். வண்டியைப் பார்க்கில் போட்டு ஓடவிட்டோம். காலை போயிற்று, மத்தியானம் போயிற்று. நகரவே இல்லை. எங்களுக்காக வேண்டுமென்றே நிற்பதுபோல் நின்றது. கோட்டைப் போர்த்திக்கொண்டு நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சு தீர்ந்துவிட்டது, காபியும் தீர்ந்துவிட்டது. வெளிச்சம் இறங்கும்போது அவன் எழுந்தான்.

"விடுங்க. அணைச்சிடலாம்," என்றான்.

சாவி இருக்கும் பக்கம் போக, வண்டிக்குப் பின்புறமாகச் சுற்றி நடந்தான். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அவன் காலரைப் பிடித்து இழுத்தேன், இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். வண்டி அப்போதும் நகரவில்லை, சும்மாதான் நின்றது.

"பின்னால போகாதடா," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

அவன் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தான். "நெசமாவே பயப்படுறீங்க."

"ஆமா."

"எனக்காக நடிக்கல."

"அவருக்கு நடிக்கத் தெரியாது," என்றாள் ஜோர்டிஸ், நாற்காலியிலிருந்து.

பிறகு அவனாகச் சொன்னான். "அப்பா பின்னால நின்னு டிரெய்லருக்குச் சங்கிலி மாட்டிக்கிட்டிருந்தாரு. நான் சிகரெட் பத்த வைக்க இறங்குனேன். பார்க்ல போட்டுட்டுத்தான் இறங்குனேன். ஷெரிஃப்கிட்ட சொன்னேன். அண்ணன்கிட்ட சொன்னேன். அப்புறம் சொல்றத விட்டுட்டேன்."

"பார்க்லதான் போட்ட," என்றேன்.

"நீங்க பாக்கலையே."

"பாக்கல."

அவன் முகத்தைக் கையால் துடைத்தான், சேறு இன்னும் பரவியது. பிறகு எழுந்து, முன்பக்கமாகச் சுற்றிப் போய் இன்ஜினை அணைத்தான்.

ராத்திரி எங்கள் வீட்டில்தான் தங்கினான். மறுநாள் அவனைக் கொண்டுபோய் விட வேண்டும். பாதி வழியில், அவன் கிடங்குக்குத் திரும்ப வேண்டிய சாலையில் நான் திரும்பவில்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. அவன் அம்மா வீட்டுத் தபால் பெட்டி வந்தது, அங்கே நிறுத்தச் சொல்வான் என்று வேகத்தைக் குறைத்தேன். கையை முழங்காலில் அழுத்திக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசல்வரை ஓட்டினேன்.

ஒட்டிலியா அம்மா கதவைத் திறந்தார். சின்ன உருவம், ஏப்ரன் கட்டியிருந்தார். மகனைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அவன் படியேறிப் பக்கத்தில் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பூட்ஸக் கழட்டிட்டு வா," என்றார். "இப்பத்தான் தரையக் கழுவுனேன்."

அவன் படியில் உட்கார்ந்து கழற்றினான். கயிறு அவிழ வெகுநேரம் ஆயிற்று. அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, குளிர் உள்ளே போகிறதே என்றுகூடப் பார்க்காமல் நின்றார். பிறகு உள்ளே போனார்கள். நான் காரிலேயே இருந்தேன். திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்குமோ என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். கண்ணாடியில் பனி பிடித்தது, துடைத்தேன், மறுபடி பிடித்தது.

கடைசியில் அவன் வெளியே வந்தான். உறைந்த தரையில் சாக்ஸோடு கார்வரை நடந்து வந்து ஜன்னலைத் தட்டினான்.

"நீங்க கெளம்புங்க, பெரியவரே," என்றான். "நான் இருக்கேன்."

நீங்கள் வரும் தேதியை எழுது. ரயிலடிக்கு நானே வருகிறேன்.

செல்மர்